சுவிட்சில் தொங்கிய கையுறை

கல்யாணமாகி வரும்போது, மாமனார் மாமியாரோடு சேர்த்து ஒரு வெல்டிங் மெஷினையும் அனுசரித்துப் போக வேண்டியிருக்கும் என்று மிரானிடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்நூறு ஆம்பியர் மெஷின். கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் அவள் கணவன் தேசொப் வருஷக்கணக்காகப் பிடித்துப் பழகியது. அவன் வேலை பார்த்த சின்ன கான்டிராக்ட் கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவன் அந்த மெஷினை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மினி லாரியில் ஏற்றி, அதன் பக்கத்திலேயே மனைவியையும் உட்காரவைத்து, அப்பா வீடு இருக்கும் சாங்னியோங்குக்கு வந்து சேர்ந்தான்.

ஒரே ஒரு பருவம் என்றுதான் பேச்சு. அப்பாவின் பூண்டு வயலில் ஒத்தாசை, கூடவே சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை. சரிவரவில்லை என்றால் திரும்பிவிடலாம். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் மிரான் தன் மகள் சொதாமைக் கோஜேயில் கூடப்பிறந்த அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். பதினான்கு வயதுப் பெண். போனில் இப்போதெல்லாம் "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

வந்த பிறகுதான் தெரிந்தது, மெஷினுக்கு இந்த வீட்டுக் கரண்ட் ஆகாது என்று. வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். ஏசியும் குக்கரும் சேர்ந்து ஓடினாலே மெயின் விழுந்துவிடும். மெஷின் கேட்பதோ மூன்று பேஸ். கப்பல் தளத்தில் சுவரோரப் பெட்டியைத் திறந்தால் கரண்ட் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது, யார் பேரில் வருகிறது என்று தேசொப் ஒரு நாளும் யோசித்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில், சொந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு முதல்முறையாக யோசித்தான்.

மூன்று பேஸ் அந்த வீட்டில் இல்லாமலும் இல்லை. கொல்லைப்புறத்தில் அப்பாவின் பூண்டு குளிர்கிடங்குக்கு அதுதான் ஓடுகிறது. ஆனால் அது விவசாயக் கரண்ட். மலிவு விலைக்குக் கிடைப்பது, விவசாயத்துக்கு மட்டும். வேறு எதற்காவது இழுத்து மாட்டிக்கொண்டால் அபராதம், மானக்கேடு, இணைப்பும் போய்விடும். மாமனார் மான்பொக் அந்த ஊர்ப் பூண்டு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் வேறு. பக்கத்து ஊரில் ஒருவன் அப்படிச் செய்து பிடிபட்டபோது, ஊர்ப் பொதுக்கூடத்து மைக்கில் அரைமணி நேரம் ஒழுக்கம் பேசியவர்.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

"அந்த லைன்ல கை வச்சவன், மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடணும். நான் பெத்தவனா இருந்தாலும் சரிதான்."

தேசொப் தலையை ஆட்டினான். பன்றிப் பண்ணைக்காரருக்கு ஒத்துக்கொண்டிருந்த இரும்பு கேட்டை டவுனில் நண்பன் பட்டறையில் பற்றவைத்துக்கொள்வதாகச் சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

*

இன்று மதியம் எலக்ட்ரீசியன் தோ வருகிறார். எந்த இணைப்பு எடுப்பது என்று இன்றைக்கு முடிவாகிவிடும்.

மிரானுக்கு விடிந்ததிலிருந்தே அதே நினைப்பு. கண் விழித்தபோது பக்கத்தில் கணவன் இல்லை. மினி லாரியும் இல்லை. கேட்டைக் கொடுக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, பூப்போட்ட தொளதொள கால்சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மாமனார் இருட்டோடு இருட்டாகத் தூரத்து வயலுக்குப் போய்விட்டார். மாமியார் கும்னே முற்றத்தில் பாய் விரித்து, சிவப்பு மிளகாயைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

மதிய நூடுல்ஸில் ஊற்றும் பாலுக்காகச் சோயாவை அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹ்யாங்ஜா அக்கா.

கோஜேயில் மிரான் முன்பு வேலை செய்த பெயின்ட் டீமின் தலைவி. கப்பலின் இரும்புச் சுவர்களில் மற்றவர்கள் விட்டுப்போன மூலை முடுக்குகளுக்குப் பிரஷ்ஷால் பூச வேண்டும். குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடியும் வேலை. ஆனாலும் அந்த வேலையை நினைத்தால் மிரானுக்கு இப்போது நாக்கில் எச்சில் ஊறியது.

புதுக் கப்பல் ஒன்று தளத்துக்கு வந்திருக்கிறதாம். டீமில் ஒரு இடம் காலியாம். தங்க ஒரு அறையும் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு மிரான். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது," என்றாள் ஹ்யாங்ஜா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து உன் பொண்ணைப் பஸ் ஸ்டாப்புல பாத்தேன். அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு."

மிரான் சொல்கிறேன் அக்கா என்றாள். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை சொதாமுக்கு இரண்டாம் பருவம் தொடங்குகிறது. இன்று எலக்ட்ரீசியன் வந்து புது இணைப்புக்கு ஒரு மின்கம்பம் நட இடம் பார்த்துவிட்டால், கம்பத்தை நட்டுவிட்டு எவன் ஊர் திரும்புவான்?

அவளிடமும் ஒரு யோசனை இருந்தது. என்ஜின் வைத்த வெல்டிங் மெஷின். டீசல் ஊற்றினால் போதும், கம்பமும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். லாரியில் ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். எந்த ஊருக்கும் என்று அவள் நினைத்தது ஒரே ஒரு ஊரைத்தான். சாப்பாட்டில் அதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

சாஸுக்குப் பூண்டு வேண்டியிருந்தது. கொல்லைப்புறம் போனாள்.

*

குளிர்கிடங்கின் முன்னால் போய் நின்றதும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. சத்தம் இல்லை. ராத்திரி பகல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸர் ஊமையாக இருந்தது.

கதவுக்கு மேலே இருந்த டிகிரிக் காட்டியைப் பார்த்தாள். எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும் எண், மேலே ஏறி ஆறில் நின்றது.

கதவைத் திறந்தாள். வலை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மாமனாரின் ஒரு வருஷ உழைப்பு, அடுத்த வருஷத்துக்கான விதைப்பூண்டு, எல்லாம் அதற்குள்தான். முன்வரிசை மூட்டைகள் வியர்த்திருந்தன. தரை முழுக்க நீர் கோர்த்திருந்தது. வியர்த்த பூண்டு முளைவிடும், இல்லையென்றால் அழுகும். இந்த வீட்டுக்கு வந்த ஒரு பருவத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது.

சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சுவருக்கு ஓடினாள். மெயின் சுவிட்ச் பெட்டி திறந்து கிடந்தது. கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. அதன்மேல் ஒரு கையுறை தொங்கியது.

வெல்டிங் கையுறை. தோலால் ஆனது, முழங்கை வரை வருவது. கட்டைவிரல் கருகிப்போன வலது கை. மணிக்கட்டில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மிரானுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கப்பல் தளத்தில் இருந்தவர்களுக்குத்தான் இது புரியும். அங்கே கேபிளைக் கழற்றப் போகிறவன் முதலில் மெயினை இறக்க வேண்டும். இறக்கிய கைப்பிடியில் தன் பெயர் போட்ட எதையாவது தொங்கவிட வேண்டும். 'நான் கரண்டில் கை வைத்திருக்கிறேன், எவனும் ஏற்றாதே' என்று அர்த்தம். ஆள் செத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் அது. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் தேசொப்பின் கை அதைச் செய்யும்.

ஆக, டவுனும் இல்லை, நண்பன் பட்டறையும் இல்லை. அப்பா வயலுக்குப் போன பிறகு, மெஷினை உருட்டிக்கொண்டுவந்து, இந்த லைனில் மாட்டி, கேட்டைப் பற்றவைத்திருக்கிறான். முடிந்ததும் பாதுகாப்பாக மெயினை இறக்கி, பாதுகாப்பாகக் கையுறையைத் தொங்கவிட்டு, கேபிளைக் கழற்றியிருக்கிறான். பண்ணைக்காரர் போனில் அவசரப்படுத்தியிருப்பார். கேட்டை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டான். கப்பல் தளத்தில் வேலை முடிந்தால் மெயின் கீழேதான் இருக்க வேண்டும். இங்கே மேலேதான் இருக்க வேண்டும். அவன் கைக்கு இன்னும் அது தெரியவில்லை.

"மடையா," என்றாள் மிரான், யாருக்கும் கேட்காமல்.

கையுறையைப் பிடுங்கி, கால்சட்டைப் பாக்கெட்டில் திணித்தாள். கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். பழைய பெட்டி, துருப்பிடித்த கைப்பிடி. உன்னித் தள்ளியும் பாதியில் நின்றது.

அப்போதுதான் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. மாமனார், எலக்ட்ரீசியன் தோவோடு வந்துகொண்டிருந்தார். மூன்று பேஸ் எங்கே வருகிறது என்று காட்ட அழைத்து வந்திருக்கிறார். மிளகாயை விட்டுவிட்டு மாமியாரும் பின்னாலேயே வந்தாள்.

மான்பொக் டிகிரிக் காட்டியைப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"யாரு இறக்கினது?"

மிரானின் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாகத் திறக்கக்கூடிய ஒரு கதவு அதுவரை வந்ததில்லை. பாக்கெட்டிலிருந்து கையுறையை எடுத்துக் காட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். மாமனார் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. ராத்திரிக்குள் மூட்டை கட்டியாகிவிடும். திங்கட்கிழமை காலையில் சொதாமுக்கு அவள் கையால் டிபன் கட்டலாம்.

ஆனால் தேசொப்? அப்பா கண்ணெதிரே, ஊர் எலக்ட்ரீசியன் கண்ணெதிரே, திருட்டுக் கரண்ட் எடுத்தவனாக, பூண்டை அழித்தவனாக இந்த வாசலைத் தாண்டுவான். கம்பெனி மூடிய நாளில் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அவன் அழுததை அவள் கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை அவனைத் தூக்கி நிறுத்த அவளால் ஆகாது.

"நான்தான் மாமா," என்றாள். "தரையைக் கழுவினேன். ஷாக் அடிச்சிடும்னு பயந்து இறக்கினேன். திரும்ப ஏத்த மறந்துட்டேன்."

நீர் கோர்த்த தரை அவளுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னது.

மான்பொக் அவளை நகரச் சொல்லிக் கையைக் காட்டினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். ஏறியது. சிறிது நேரம் கழித்துக் கம்ப்ரஸர் முனகிக்கொண்டே எழுந்தது.

பேச வேண்டியதையெல்லாம் அவருக்கும் சேர்த்து மாமியார் பேசினாள். கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவளுக்குப் பூண்டின் அருமை எப்படித் தெரியும் என்றாள். தரையைக் கழுவு என்று யார் கேட்டது என்றாள். கோஜேயில் கடல் இருக்கிறது, ஆசை தீரக் கழுவலாம், இங்கே எதற்கு என்றாள். மிரான் தலை குனிந்து நின்றாள். பாக்கெட்டில் கையுறை கனத்தது.

தோ பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே திருகாணிகளின் தலையில் புதுக் கீறல்கள் பளபளத்தன. அவர் மிரானை ஒரு பார்வை பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, லூஸாக இருந்ததை முறுக்கிவிட்டு, பெட்டியை மூடினார். சாயங்காலத்துக்குள் பழைய குளிருக்குப் போய்விடும், முன்வரிசை மூட்டைகளை மட்டும் நாளைக்கே ஏலத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொன்னார்.

*

தேசொப் வரும்போதே முகமெல்லாம் பல்லாக வந்தான். பண்ணைக்காரர் சந்தோஷத்தில் கொடுத்தனுப்பிய பன்றிக்கறிப் பொட்டலம் கையில் ஆடியது. கேட்டை அந்த ஆள் தடவித் தடவிப் பார்த்தாராம். இன்னும் இரண்டு கேட் வேண்டுமாம்.

"அங்க நீ கேட் போட்டே, இங்க உன் பொண்டாட்டி நம்ம பூண்டை வேகவச்சுட்டா," என்றாள் கும்னே.

நடந்ததை மாமியார் தன் பங்கு மசாலாவோடு சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்க தேசொப்பின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அவன் கை தன்னையறியாமல் இடுப்புப் பட்டையில் கையுறை செருகும் இடத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. மிரானைப் பார்த்தான்.

அவள் குளிர்ந்த சோயா நூடுல்ஸ் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். சாப்பிடுங்க, உருகிடும் என்றாள். ஐஸ் கட்டியைத்தான் சொன்னாள்.

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிடப் போகிறானோ என்று மிரான் பயந்தாள். சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கினாள். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி ஒரு நெஞ்சுக்குள் இருக்க முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

தேசொப் திறந்த வாயில் நூடுல்ஸைப் போட்டுக்கொண்டான்.

அந்த இடத்தில் மிரானுக்குக் கணவன் மேல் வந்த கோபம், பூண்டுக்காக வந்ததல்ல, பொய்க்காக வந்ததுமல்ல. அவனைக் காப்பாற்றியவளை அவன் அப்படியே விட்டுவிட்டானே, அதற்காக.

தோ இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். வழி மூன்று இருக்கிறது என்றார். வீட்டு லைனையே கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு, இந்த மெஷினை விற்றுவிட்டுச் சின்ன மெஷின் வாங்கலாம். ஜன்னல் கம்பி, கோழிக்கூண்டு செய்யலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. இரண்டாவது, குளிர்கிடங்கு லைன். அதைச் சொல்லும்போது அவர் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டார். அது பேச்சுக்கே இல்லை என்று அவரே அடித்துவிட்டார். மூன்றாவது, தொழிலுக்கென்று தனியாக மூன்று பேஸ். ரோட்டோரம் இருக்கும் மூலை நிலத்தில் ஒரு கம்பம், தனி மீட்டர். பற்றவைத்தாலும் வைக்காவிட்டாலும் மாதா மாதம் ஒரு தொகை கட்டியே ஆக வேண்டும்.

"அதை எடுத்தவன் சும்மா இருக்க முடியாது," என்றார் தோ. "மீட்டர் உக்காந்திருக்கிற வரைக்கும் அவனும் உக்காரணும்."

மிரான் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இவ்வளவு நேரம் திட்டு வாங்கியவள் பேசப்போகிறாள் என்றதும் மாமியார் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

"நாலாவதா ஒண்ணு இருக்கில்லீங்களா? டீசல் என்ஜின் மெஷின். கரண்டே வேண்டாம். லாரியில வச்சுக்கிட்டு வேலை இருக்கிற இடத்துக்கே போயிடலாம்."

இருக்கிறதுதான் என்று தோ ஒப்புக்கொண்டார். வயல்வெளி வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் கேட், கொட்டகை என்று நாள் முழுக்கப் பற்றவைத்தால் டீசலே பாதி கூலியைக் குடித்துவிடும், சத்தத்துக்கு ஊரே கூடிவிடும் என்றார்.

"வேலை இருக்கிற இடம்னா எந்த இடம்?" என்று கேட்டார் மான்பொக். சாப்பாடு தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

மிரான் தேசொப்பைப் பார்த்தாள். அவன் காலிக் கிண்ணத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

மான்பொக் கிண்ணத்தைத் தூக்கி மிச்சமிருந்த சோயாப் பாலைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தனி லைனே போட்டுடு தோ. மூலை நிலத்துல கம்பம்."

தேசொப் நிமிர்ந்தான்.

"மீட்டர் மருமக பேர்ல இருக்கட்டும்," என்றார் மான்பொக். "அந்த மூலை நிலமும் அவ பேர்லயே எழுதிடறேன்."

மாமியாரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. மகன் இருக்க, மருமகள் பேரில் நிலம் எழுதிய கதை அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதுவும் பூண்டை வேகவைத்த நாளில். தோ தன் பங்குக்கு, மாமனார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அரிசிக் கள்ளை உயர்த்திக் காட்டினார். தேசொப்புக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜைக்கடியில் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினான்.

எல்லோரும் மிரானைப் பார்த்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட்ட மாதிரி தலைதாழ்த்தி, நன்றி மாமா என்றாள்.

அடுத்த பேச்சு, கம்பம் எப்போது நடுவது. அதற்குக் கும்னே இருக்கிறாள். திக்குத் திக்காய் அலைந்து மனுஷன் காரியத்தைக் கெடுக்கும் 'சொன்' என்ற ஆவி, மாதத்தில் சில நாள் வானத்துக்குப் போய்விடும். வீடு மாறுவதும் கம்பம் நடுவதும் அந்த நாட்களில்தான். சுவர் நாட்காட்டியில் சின்ன எழுத்தை உற்றுப் பார்த்து, வர்ற சனிக்கிழமை என்றாள். கம்பத்துக்கும் மீட்டருக்கும் ஆபீஸ் அனுமதி வர எத்தனை வாரம் ஆகுமோ, ஆனால் குழியை மட்டும் சனிக்கிழமையே தோண்டி வைத்துவிடலாம் என்றார் தோ.

சனிக்கிழமை குழி. திங்கட்கிழமை சொதாமுக்குப் பள்ளிக்கூடம்.

*

மத்தியானம் முழுக்க மிரான் குளிர்கிடங்குக்குள்தான் இருந்தாள். வியர்த்த மூட்டைகளை இறக்கி, பூண்டை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக் கூடைகளில் போட்டாள். உள்ளே குளிர் திரும்பிக்கொண்டிருந்தது. தேசொப் உதவிக்கு வந்தான். அவள் பேசாமல் இருக்கவும், மெதுவாக, ராத்திரி எல்லாம் சொல்றேன் என்றான்.

"யாருகிட்ட?" என்றாள் மிரான்.

அவனுக்கு அது புரிந்தது. மூலை நிலத்தை அளக்கத் தோ கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யாரும் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கதவருகே நிழல் விழுந்தது. மான்பொக் நின்றிருந்தார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

"குளிருதா?"

"இல்லீங்க மாமா."

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். துடைத்த பூண்டு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்து, பரவாயில்லை என்று முணுமுணுத்துவிட்டுக் கூடையில் போட்டார்.

"அந்தக் கைப்பிடியை உன்னால ஏத்த முடியலை," என்றார். "ஏத்த முடியாதவ எப்படிம்மா இறக்கினே?"

மிரானின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு கையுறை இருந்தது. தோல் கையுறை. இடது கை.

"கிடங்குக்குப் பின்னால கிடந்துச்சு. இதோட ஜோடி உன் பாக்கெட்ல இருக்கு. மத்தியானத்துல இருந்து அந்தப் பாக்கெட் தொங்கிக்கிட்டே இருக்குது." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மிரானுக்கு வசதியாக இருந்திருக்கும். "காலையில வயல்ல இருந்தே பாத்தேன், நீல வெளிச்சத்தை. பாக்காத மாதிரி இருந்துடலாம்னு நினைச்சேன். மெயினை இறக்கிட்டுப் போவான்னு நினைக்கலை."

"மாமா, அவரு வேணும்னு..."

"அவன் பேச்சை விடு. அவன் வாயால சொல்லியிருந்தா நான் அவனை அனுப்பியிருக்கணும். ஊரெல்லாம் கேக்கச் சொன்ன வார்த்தை. நீ சொல்லியிருந்தாலும் அதேதான்." அவர் கையுறையை அவள் மடியில் வைத்தார். "நீ சொல்லலை."

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மூலை நிலத்தில் தேசொப் எதற்கோ சிரிப்பது கேட்டது.

"மீட்டரை அவன் பேர்ல போட்டா, நீ ஒரு நாள் போயிடுவே. அவனும் பின்னாலயே வந்துடுவான்," என்றார் மான்பொக், எழுந்துகொண்டே. முட்டி சொடுக்கியது. "இந்த வீட்டுக்காகப் பொய் சொன்னவ, இந்த வீட்டு ஆளும்மா. இனிமே நீ எங்க போறது."

அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. அன்போடுதான் சொன்னார். அந்த அன்பு உண்மையானது என்பதில் மிரானுக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் அது அவளைக் கட்டிப்போட்டது. தப்பிக்க இருந்த ஒரே வழியை மதியம் அவளே தன் கையால் மூடியிருக்கிறாள். இவர் வந்து அதற்குப் பூட்டு மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்.

பாக்கெட்டுக்குள், வலது கையுறைக்கு அடியில், போன் அதிரத் தொடங்கியது.

எடுத்துப் பார்த்தாள். ஹ்யாங்ஜா அக்கா. மாமனாரும் திரையைப் பார்த்தார். படிக்கக் கண்ணாடி வேண்டியவர், என்ன தெரிந்ததோ.

"பேசும்மா," என்றார். "கதவைச் சாத்திக்கிறேன். குளிரெல்லாம் வெளிய போகுது."

கனத்த கதவு மெதுவாக வந்து சட்டத்தில் பொருந்தியது. வெளிச்சம் போய், மேலே ஒற்றை பல்பு மட்டும் எரிந்தது.

"அக்கா," என்றாள் மிரான். "அக்கா, நான்..."

"மிரானா? சத்தமே கேக்கலை. வர்றியா இல்லையா, அதை மட்டும் சொல்லு. உன் பொண்ணு வேற பக்கத்துலதான் நிக்குது, பேசறியா? ஹலோ?"

ஒரு சின்னக் கரகரப்பு. "அம்மா?" என்று கேட்ட மாதிரி இருந்தது. நான்கு பக்கமும் இரும்புத் தகடு அடித்த அறை அது. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, பேச்சு அறுந்துபோனது.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி கதவிலேயே இருந்தது. தள்ளினால் திறந்துவிடும். வெளியே, கதவுக்கு மிக அருகில், மாமனார் ஒருமுறை இருமினார். இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

மிரான் கைப்பிடியின் மேல் கையை வைத்தாள்.